ஆனைக்கொய்யா: ஒரு பழப்பெயரும் பொய்க்காரணமும்

சொற்பொருளின் காரணம் நோக்கிய அளவில் விளங்கித் தோன்றாது என்பது தொல்காப்பியர் உரியியலில் வகுத்த நெறி. காரணமே இல்லை என்று அவர் கூறினாரல்லர். அஃது எளிதிற் புலப்படாது என்றே கூறினார். இவ்விரு கூற்றுக்கும் இடையிலுள்ள வேற்றுமை பெரிது. சொல்லாராய்ச்சியிற் புகுவார் பலர் இவ்வேற்றுமையை மறந்து, செவியிற் பட்டவுடன் தோன்றும் காரணத்தையே உண்மைக் காரணமாகக் கொண்டுவிடுகின்றனர். அவ்வாறு கொள்வதால் நாம் இழப்பது யாது என்பதனை ஒரு பழத்தின் பெயரை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அப்பழம், தமிழகத்தில் வெண்ணெய்ப்பழம் என்றும் ஈழத்தில் ஆனைக்கொய்யா என்றும் வழங்கப்பெறும் அவகாடோ.

இவ்வாராய்ச்சிக்கு உரைகல்லாக யாம் எடுத்துக்கொள்வது கன்னியாகுமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில், குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் இடையே அமைந்த இனயம் என்னும் ஊரும் அதனை அடுத்த கரையூர்களும் ஆம். அவகாடோ அக்கரைக்கு உரிய பயிரன்று. ஆயின், அப்பழம் பிறந்த அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு பல பயிர்களுக்கு அப்பகுதி மக்கள் பெயரிட்டு வழங்கி வருகின்றனர். புதுப்பொருளுக்குத் தமிழ் மக்கள் இயல்பாகப் பெயரிடும் முறை யாது என்பதை அவ்வழக்குகள் காட்டும். அம்முறையை அறிந்த பின்னரே அவகாடோவின் பெயர்களை மதிப்பிடல் தகும்.

1. மூலச்சொல்

அவகாடோ என்பது மெக்சிக்கோ நாட்டு நாவாட்ல் மொழியின் ஆவகட்ல் என்னும் சொல்லிலிருந்து தோன்றியது. இம்மூலத்தைப் பற்றி ஐயம் இல்லை. ஆயின், அச்சொல்லின் பொருளைப் பற்றி ஒரு கருத்துப் பரவலாக வழங்குகின்றது. ஆவகட்ல் என்பது முதற்கண் ஆண்விலங்கின் பீசத்தைக் குறித்தது என்றும், வடிவொப்புமையால் பழத்திற்கு ஆயிற்று என்றும் கூறுவர். சொல்லுக்கு இவ்விரு பொருளும் உண்டு என்பது உண்மையே. 1571-இல் வெளிவந்த மோலினாவின் அகராதி இரண்டனையும் தருகின்றது. ஆயின் எது முந்தியது, எது அதனின்று கிளைத்தது என்பதே வினா.

இவ்வினாவுக்கு விடை காணத் தமிழே துணைசெய்யும். விதை என்னும் நம் சொல் வித்தினையும் குறிக்கும், பீசத்தினையும் குறிக்கும். காளைக்கு விதையடித்தல் என்பது உழவர் வழக்கு. அது கொண்டு, உறுப்பின் பெயரே நிலத்தில் விதைக்கும் வித்துக்கு ஆயிற்று என்று எவரேனும் கூறுவரோ? கூறார். வெளிப்படக் கூறத் தகாத உறுப்பினை மறைத்துக் கூற, அன்றாடம் வழங்கும் பொருளின் பெயரை இடுவதே மக்கள் இயல்பு. இலக்கணத்தார் இதனை இடக்கரடக்கல் என்பர். நாவாட்ல் மொழியிலும் பழப்பெயரே முந்தியது, உறுப்புப்பொருள் பிந்தியது என்று கொள்வதே இம்மனவியல்புக்குப் பொருந்தும். மறுதலையாகக் கூறுவது வியப்பூட்டுவதால் பரவியதேயன்றி, ஆராய்ந்து கொண்ட முடிபன்று.

2. வழக்கறிஞரும் முதலையும்

இசுப்பானியர் இப்பழத்தை முதலில் எழுத்தில் வருணித்தது 1519-இல். அவ்வாண்டில் வெளிவந்த தம் நிலநூலில் என்சிசோ என்பார் இதனைக் குறிப்பிடுகின்றார். மூலச்சொல்லின் ஈற்று ஒலி இசுப்பானிய நாவுக்குப் பழகாதது. ஆதலின் அது அகுவாகாத்தே எனத் திரிந்தது. இஃது ஒலித்திரிபு மட்டுமே. இதில் பொருட்காரணம் ஏதும் புகவில்லை. நன்னூலார் நெறிப்படி நோக்கின், வாங்கிய மொழியில் இஃது ஓர் இடுகுறிப்பெயர்.

இடுகுறிப்பெயரை மக்கள் நெடுநாள் அவ்வாறே விட்டுவைப்பதில்லை. பொருள் விளங்காத ஓசையைத் தமக்கு விளங்கும் ஓசையோடு இணைத்துக் கொள்வர். இசுப்பானியத்தில் வழக்கறிஞரைக் குறிக்கும் சொல்லின் பழைய வடிவம் அவொகாதோ. பழத்தின் பெயர் அதனோடு ஒன்றியது. பிரஞ்சு மொழியில் இன்றும் வழக்கறிஞர்க்கும் இப்பழத்திற்கும் அவோக்கா என்னும் ஒரு சொல்லே உள்ளது. டச்சுக்காரரும் வழக்கறிஞர் பெயரையே பழத்திற்கு இட்டனர். அவர்தம் ஆட்சியில் இருந்த இந்தோனேசியாவில் அது அல்புக்காட் எனத் திரிந்து வழங்குகின்றது. பழத்திற்கும் நீதிமன்றத்திற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஓசை ஒப்புமை ஒன்றே இணைப்பு.

ஆங்கிலத்தில் நிகழ்ந்தது இதனினும் வியப்புடைத்து. 1696-இல் சமைக்காத் தீவின் பயிர்களைப் பட்டியலிட்ட ஆன்சு சுலோன் இப்பழத்தைக் குறித்தார். அதன்பின் ஆங்கிலேயர் நாவில் இச்சொல் அலிகேட்டர் என்னும் முதலைப்பெயரோடு ஒன்றி, அலிகேட்டர் பேர், அஃதாவது முதலைப் பேரிக்காய், என்றாயிற்று. பச்சைநிறமும் சொரசொரப்பும் உடைய அதன் தோல் இம்மயக்கத்துக்குத் துணைநின்றது. இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அலிகேட்டர் என்னும் சொல்லே மற்றொரு மயக்கத்தின் விளைவு. பல்லியினத்தைக் குறிக்கும் எல் லகார்த்தோ என்னும் இசுப்பானியத் தொடரை ஒருசொல்லெனக் கேட்டதனால் பிறந்தது. மயக்கத்தின் மேல் மயக்கம் ஏறிய சொல் ஒன்று, பார்ப்பவர்க்குத் தெளிந்த காரணப்பெயராய்க் காட்சி தருகின்றது.

ஓசையால் வந்த பெயருக்குப் பின்னர்க் கற்பிக்கப்படும் காரணத்தை யாம் பொய்க்காரணம் என்று குறிப்போம்.

3. யானை வந்த வழி

இனி ஈழத்தமிழர் வழங்கும் ஆனைக்கொய்யா என்னும் பெயரை நோக்குவோம். ஆனை, கொய்யா என்னும் இரண்டும் தமிழ்நாவுக்கு முற்றும் பழகியவை. ஆனை என்னும் அடை பெருமையைக் குறிக்கும். ஆனைநெருஞ்சில், ஆனைக்கற்றாழை, ஆனைப்புளி என்பன காண்க. இவற்றுள் ஆனைக்கற்றாழை அமெரிக்காவினின்றும், ஆனைப்புளி ஆப்பிரிக்காவினின்றும் வந்தவை. ஆகவே, புறநாட்டுப் பயிரொன்றைத் தாம் அறிந்த பயிரோடு ஒப்பிட்டு, அளவு நோக்கி ஆனை என அடைகொடுத்துக் கூறுவது தமிழர்க்கு இயல்பே. கொய்யாவினும் பெரிய பழம் ஆதலின் ஆனைக்கொய்யா எனப்பட்டது என்று ஒருவர் கூறின், அதனை மறுத்தற்கு முதற்பார்வையில் இடமில்லை.

ஆயினும் அண்டைமொழியாகிய சிங்களத்தை நோக்கியவழி வேறொரு வரலாறு புலப்படுகின்றது. சிங்களத்தில் இப்பழத்தின் பெயர் அலிகெட்ட பேர என்பது. அலிகேட்டர் பேர் என்னும் ஆங்கிலத்தொடரின் ஒலித்திரிபே அது என்பது வெளிப்படை. ஆயின் அலி என்பது சிங்களத்தில் யானையைக் குறிக்கும் சொல். பேர என்பது கொய்யாவைக் குறிக்கும் சொல். ஆங்கிலேயன் முதலையைக் கூறினான். சிங்களவன் செவியில் யானை நின்றது. ஆங்கிலேயன் பேரிக்காயைக் கூறினான். சிங்களவன் கொய்யாவைக் கண்டான்.

பேர என்பதற்கும் ஒரு முன்வரலாறு உண்டு. போர்த்துக்கீசியத்தில் பேரா என்பது பேரிக்காய். அச்சொல் இலங்கையிலும் மலையாளக் கரையிலும் கொய்யாவிற்குப் பெயராயிற்று; மலையாளத்தார் இன்றும் கொய்யாவைப் பேரய்க்கா என்பர். பின்னர் ஆங்கிலப் பேரிக்காய் வந்தபோது, முன்னரே கொய்யாவாகிவிட்ட போர்த்துக்கீசியப் பேரிக்காயின் இடத்தில் அஃது அமர்ந்தது.

இப்பெயரின் இரு பகுதியும் முறைமாறாமல் தமிழ்ப்பெயரில் காணப்படுகின்றன: யானைக்கு ஆனை, பேரவிற்குக் கொய்யா. ஒரு பகுதி மட்டும் ஒத்திருப்பின் தற்செயல் எனலாம். இரண்டும் ஒத்து, இரண்டற்கும் சிங்களத்தில் வரலாற்றுக் காரணம் கிடைப்பதால், ஆனைக்கொய்யா சிங்களப் பெயரின் மொழிபெயர்ப்பு என்றே யாம் கருதுகின்றோம். தமிழில் முன்னரே இருந்த ஆனையடை வழக்கு இம்மொழிபெயர்ப்பை எளிதாக்கி நிலைபெறச் செய்தது. வித்து அயலது, விளைந்த நிலம் நம்முடையது.

மெக்சிக்கோவில் பழமாய் இருந்தது மாட்ரிட்டில் வழக்கறிஞராகி, ஆங்கிலேயரிடம் முதலையாகி, கொழும்பில் யானையாகி, யாழ்ப்பாணத்தில் ஆனையாயிற்று. இத்துணையும் நிகழ்ந்த பின்னர் நம் கைக்கு வந்த சொல்லை, அளவிற் பெரியது ஆதலின் ஆனைக்கொய்யா என்று ஒருவரியில் முடித்துவிடுவது, நான்கு நாடுகளின் கடல்வரலாற்றை ஒருவரியில் அழித்துவிடுவதாகும்.

இதே குறை கொய்யா என்னும் சொல்லாராய்ச்சியிலும் நேர்ந்துள்ளது. கொய் என்னும் பகுதியோடு எதிர்மறை ஆகாரம் சேர்ந்து, கொய்யப்படாதது என்னும் பொருளில் கொய்யா வந்தது எனச் சொல்நயம் காட்டுவோர் உளர். நயம் என்ற அளவில் அது சுவையுடையது. ஆராய்ச்சி என்ற அளவில் நில்லாது. கரீபியத் தீவினர் மொழியிலிருந்து இசுப்பானியர் குவாயாபா எனவும், போர்த்துக்கீசியர் கொய்யாபா எனவும் கொண்ட சொல்லே நம்மிடம் கொய்யா ஆயிற்று. மேலும், பறிப்பதற்கென்றே வளர்க்கும் ஒரு பழத்தைப் பறிக்கப்படாதது என்று அழைக்க மக்களுக்கு என்ன காரணம்? பொய்க்காரணத்தை ஆராய்வார் பொருளின் பயனையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

4. இனயத்துக் கரையின் சான்று

இந்நிலையில் இனயத்துக் கரைக்கு வருவோம். நாஞ்சில் நாடு எனச் சிறப்பாகக் கூறப்படுவது தோவாளையும் அகத்தீசுவரமும் ஆகிய நெல்வயற் பகுதி. இனயம் அதற்கு மேற்கே, பண்டை விளவங்கோட்டுப் பகுதியின் கடற்கரையைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை அது திருவிதாங்கூர் அரசிலும் பின்னர்த் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் அடங்கியிருந்தது. அதன் பேச்சில் தமிழும் மலையாளமும் அண்டி நிற்றல் இயல்பே. 1544-இன் இறுதியில் பிரான்சிசு சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையில் நடந்து, ஒரு திங்களில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர்க்குத் திருமுழுக்கு அளித்ததாகத் தம் மடலில் எழுதினார். அது முதல் அக்கரையோர் போர்த்துக்கீசியத் தொடர்பை நேரிற் பெற்றவர். அயற்சொல்லைக் கொள்ள அவர்க்கு வாய்ப்பு நிரம்ப இருந்தது. அவ்வாய்ப்பு இருந்தும் அவர்தம் வட்டாரத்தார் செய்தது யாது?

முதலாவது மரச்சீனி. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இக்கிழங்கின் பயிரைப் பரப்பினார். மீனும் மரச்சீனியும் அக்கரையின் உணவாய் நிலைத்தன. பிரேசில் பழங்குடியினர் சொல்லினின்று பிறந்த தாப்பியோக்கா என்னும் பெயர் ஆங்கிலவழி கிடைத்திருந்தும், மக்கள் தாம் முன்னரே அறிந்த சீனிக்கிழங்கை நினைந்து, மரமாய் நிற்கும் சீனி என்று மரச்சீனி எனப் பெயரிட்டனர். பிற தமிழ்ப்பகுதியினர் வள்ளிக்கிழங்கை நினைந்து மரவள்ளி என்றனர். பொருள் ஒன்று, ஒப்புமைப் பொருள் வேறு, பெயரிடும் முறை ஒன்றே.

இரண்டாவது நல்லமிளகு. மிளகாய் அமெரிக்கப் பயிர். காரம் பற்றி அதனை மிளகோடு ஒப்பிட்டு மிளகாய் என்றனர். காலப்போக்கில் புதியது அடுக்களை முழுவதையும் கைப்பற்றவே, பழைய மிளகைப் பிரித்துக் கூற வேண்டிய நிலை தோன்றியது. குமரிப்பகுதியினர் அதனை நல்லமிளகு என்றனர். வந்தவர்க்கு வீட்டுப்பெயரைத் தந்து, வீட்டுக்காரர்க்கு நல்ல என்னும் அடைமொழி தந்தனர். அயற்பொருளின் வரவு தாய்மொழிச் சொல்லையும் மாற்றும் என்பதற்கு இஃது ஏற்ற சான்று.

மூன்றாவதும் சிறந்ததும் கைதச்சக்கை. அன்னாசி என்பது தென்னமெரிக்கச் சொல்லின் வழிவந்த போர்த்துக்கீசிய அனனாசின் திரிபு. அதனோடு உடன்வழங்குவது கைதச்சக்கை என்னும் பெயர். கைதை என்பது தாழை. சக்கை என்பது பலா. முள்விளிம்புடைய நீண்ட இலையால் தாழையையும், கண்கண்ணாய் அமைந்த மேற்றோலால் பலாவையும் ஒத்திருத்தலின் இப்பெயர் பொருந்தியது. கைதை என்னும் சொல் குறிஞ்சிப்பாட்டின் மலர்வரிசையில் இடம்பெற்ற பழஞ்சொல். தமிழகத்தின் பிறபகுதிகளில் தாழை என்பதே வழக்காய் நிற்க, கைதையோ நூல்வழக்காய் ஒடுங்கிவிட்டது. அச்சொல்லை அமெரிக்கப் பழம் ஒன்று இன்றளவும் வாழவைத்திருக்கின்றது.

இஃது மலையாளச் சொல் அன்றோ என வினவுவார் உளர். மலையாளத்திலும் உண்டு என்பதே சரியான கூற்று. பேச்சும் நிலமும் பிரிவதற்கு முன்னைய பொதுச்செல்வத்தினின்று எடுத்த இரு சொல்லால் அமைந்த பெயரை, 1956-இல் வரைந்த எல்லைக்கோட்டால் பகுத்தல் பொருந்தாது. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நாட்டார் வழங்கும் சொல்லையும் திசைச்சொல் எனத் தழுவிக்கொண்ட இலக்கணம் நம்முடையது. நாம் அதனினும் குறுகிய நோக்கினர் ஆதல் தகாது.

மறுதிசையிற் சென்ற சொற்களையும் மறத்தலாகாது. இச்சக்கையே போர்த்துக்கீசியத்தில் ஜாக்கா ஆகி, ஆங்கிலத்தில் ஜாக் ஆயிற்று. மாங்காயே மாங்கோ ஆயிற்று. கட்டுமரம் ஆங்கிலத்தில் கட்டமரான் ஆகி, இன்று ஈருடல் கொண்ட படகைக் குறிக்கின்றது. மரங்களைக் கட்டிக் கடலேறிய கரையினர் அதனைத் தம் கலம் என்று ஒப்பார். ஓசையைக் காத்துப் பொருளை மாற்றுதலும் கடன்வாங்கலின் ஒரு வகையே.

5. வெண்ணெய்ப்பழம்

மேற்கூறியவற்றை அளவாகக் கொண்டு வெண்ணெய்ப்பழம் என்பதை மதிப்பிடுவோம். இதனைத் தூயதமிழ் ஆக்கம் எனப் பாராட்டுவோர் பலர். சொற்கள் தமிழே என்பதில் ஐயமில்லை. ஆயின் இந்தியாவில் ஆங்கிலம் அறிந்தோர் வழங்கிய பட்டர் புரூட் என்னும் தொடரின் நேர்மொழிபெயர்ப்பாகவே இது காணப்படுகின்றது. கன்னடத்தார் பெண்ணெ ஹண்ணு என்றும், மலையாளத்தார் வெண்ணப்பழம் என்றும், இந்தியார் மக்கன் பல் என்றும் வழங்குதல் இதனை வலியுறுத்தும். வியட்நாமியரும் வெண்ணெயைக் குறிக்கும் பிரஞ்சுச் சொல்லின் திரிபாலேயே இப்பழத்தை அழைக்கின்றனர். எனவே, உருவம் தமிழாயினும் நோக்கு கடன்பெற்றது.

அதனால் இப்பெயர் இழிந்தது என்பது எம் கருத்தன்று. சதையின் குழைவையும் நெய்ப்பையும் நோக்கிய எவர்க்கும் இதன் காரணம் பொருளிலேயே புலப்படும். ஆனைக்கொய்யாவின் யானை செவியிற் பிறந்தது. வெண்ணெய்ப்பழத்தின் வெண்ணெய் நாவிற் பிறந்தது. பின்னது மெய்க்காரணம் உடையது. எம் மறுப்பெல்லாம், தமிழுருவம் ஒன்றையே கண்டு ஒன்றைத் தூயது எனவும், அவகாடோ என்பதை அயலொலி எனவும், கைதச்சக்கையைக் கொச்சை எனவும் ஒதுக்கும் முறையின் மேலது. வரலாற்றை நோக்கின் வரிசை தலைகீழாகின்றது. தூயது எனப்பட்டது மொழிபெயர்ப்பு; காரணப்பெயர் எனப்பட்டது செவிமயக்கம்; கொச்சை எனப்பட்டதே எவர் துணையும் இன்றி மக்கள் தம் கண்ணால் கண்டு, தம் சொல்லால் ஆக்கியது.

6. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் சில பெறப்படும். பழப்பெயரின் காரணத்தை ஒரு மொழியின் எல்லைக்குள் மட்டும் தேடின் பொய்க்காரணமே கிடைக்கும். சொல் வந்த கடல்வழி முழுவதையும் பின்தொடர்தல் வேண்டும். காரணம் மிக எளிதாகத் தோன்றும் இடத்திலேயே ஆராய்வார் ஐயம் மிகக் கொள்ளல் வேண்டும். பொய்க்காரணம் என்று கண்டபின்னும் அச்சொல்லை வழக்கினின்று நீக்க முயலல் கூடாது; மயக்கமும் மக்கள் வரலாற்றின் பகுதியே. ஈழத்தமிழர் சிங்களவரோடு ஒரே சந்தையில் பழம் வாங்கி விற்ற வாழ்வுக்கு ஆனைக்கொய்யா ஒரு சான்றாய் நிற்கின்றது. அதனை எந்தக் கல்வெட்டும் நமக்குத் தரமாட்டாது.

அகராதி தொகுப்பார்க்கு எம் வேண்டுகோள் ஒன்று. வெண்ணெய்ப்பழமும் ஆனைக்கொய்யாவும் அவகாடோவும், ஒன்றை ஏற்று ஒன்றைத் தள்ளாமல், தத்தம் வரலாற்றோடு ஒருங்கே பதிவுபெறல் வேண்டும். மரச்சீனி, நல்லமிளகு, கைதச்சக்கை போன்ற கரைவழக்குகளும் வட்டாரச்சொல் என்னும் ஒரு குறியோடு நின்றுவிடாமல், ஆக்கமுறை விளங்கக் குறிக்கப்பெறல் வேண்டும். பட்டமேற்படிப்பு மாணவர் நூல்நிலையத்தில் கைதையைத் தேடும் அதே ஆர்வத்தோடு இனயத்துச் சந்தையிலும் அதனைத் தேடுவாராயின், ஏட்டில் ஒடுங்கியது எனத் தாம் எண்ணிய சொல் அங்கே விலைபேசி விற்கப்படுவதைக் கேட்பர். சொற்பொருட் காரணம் எளிதில் தோன்றாது என்ற ஆசிரியர், தேடற்க என்று கூறினாரல்லர். எங்கே தேடுவது என்பதனை மட்டும் நமக்கு விட்டுவைத்தார்.